ஆயிரம் சொல் மனப்பாடம் செய்தும் ஜிஆர்இ வெர்பல் 146-ஐத் தாண்டவில்லை

உசிலைக்காரன்:
வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் மதுரையில் மெக்கானிக்கல். இப்போது கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

கணக்கில் பயமில்லை, மாதிரித் தேர்வில் 164 வந்தது. வெர்பலில், அதாவது ஆங்கிலச் சொல்லும் வாசிப்பும் கேட்கிற பகுதியில், மூன்று முறையும் 146-க்குள்தான். நான்கு மாதமாக பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் சொல் அட்டை பார்த்து ஆயிரம் சொல்லுக்கு மேல் முடித்துவிட்டேன். தனியாகக் கேட்டால் பொருள் சொல்லிவிடுவேன், வாக்கியத்துக்குள் வந்தால் தடுமாறுகிறேன். போன வாரம் 'எனர்வேட்' வந்தது. படித்த சொல்தான். ஆனால் எனர்ஜி ஞாபகத்தில் 'தெம்பூட்டுவது' என்று எடுத்துக்கொண்டேன், அது நேர் எதிர். இன்னும் ஆயிரம் சொல் படிக்கவா? வேறு வழி இருக்கிறதா?

கோரிப்பாளையம்:
முதலில் நீங்கள் விண்ணப்பிக்கும் துறைகளின் பக்கத்தைப் பாருங்கள். ஜிஆர்இ மதிப்பெண் கேட்காத துறைகள் இப்போது நிறைய உண்டு. பொறியியலுக்கு எப்படியும் கணக்கு மதிப்பெண்ணைத்தான் அதிகம் பார்ப்பார்கள், வெர்பலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலூர் அக்கா:
தம்பி, நானும் தமிழ்வழிதான். 2023 டிசம்பரில் எழுதினேன். முதல் மாதிரித் தேர்வில் 144, உண்மைத் தேர்வில் 157. உங்களுக்குச் சொல் பற்றாக்குறை இல்லை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். 2011 ஆகஸ்டுக்கு முன் எதிர்ச்சொல், ஒப்புமை என்று தனிக் கேள்விகள் இருந்தன. அவற்றுக்குப் பட்டியல் கைகொடுத்திருக்கும். இப்போது எல்லாச் சொல்லும் வாக்கியத்துக்குள்தான் வருகிறது.

என் அப்பா ஆட்டுக்கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைப்பது எங்கள் குடும்பத் தொழில். 'கிரிகேரியஸ்' என்ற சொல் நான்காவது முறையும் மறந்துபோன அன்று, எரிச்சலில் பெரிய அகராதியை எடுத்து வேரைப் பார்த்தேன். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை! மந்தையோடு இருக்கப் பிரியப்படுவது கிரிகேரியஸ், அதாவது எல்லோரோடும் கலந்து பழகுகிற குணம். மந்தையிலிருந்து பிரித்துக் கட்டுவது செக்ரிகேட். மந்தையில் கொண்டுவந்து சேர்ப்பது அக்ரிகேட். கூட்டமாகக் கூடுவது காங்கிரிகேட். மந்தையை விட்டு வெளியே தனித்துத் தெரிவது இக்ரீஜியஸ். ஒரு காலத்தில் இது பாராட்டுச் சொல்லாகக்கூட இருந்தது, இப்போது கண்ணை உறுத்துகிற மோசமான தவறுக்குத்தான் சொல்கிறார்கள். அன்று ராத்திரி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, முட்டுகிற கிடாயைத் தனியாகக் கட்டியிருந்தார். செக்ரிகேட் கண் முன்னால் நின்றது. அந்த ஐந்து சொல்லும் அதன்பிறகு மறக்கவே இல்லை.

உங்கள் எனர்வேட்டும் அப்படித்தான். இக்ரீஜியஸ், எனர்வேட் இரண்டிலும் முதலில் நிற்கும் 'ஈ' எழுத்துக்கு 'வெளியே' என்று பொருள். 'நெர்வஸ்' என்றால் நரம்பு, தசைநார். நரம்பை உருவி எடுத்துவிட்டால் தெம்பு ஏது? ஆனால் வேரை ஊகித்துக்கொண்டு போகக் கூடாது, அகராதியில் பார்த்தே ஆக வேண்டும். 'நாய்சம்' என்ற சொல்லுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது துர்நாற்றத்துக்குச் சொல்வது.

அப்புறம், என்னை அதிகம் கவிழ்த்தவை கடினமான சொற்கள் இல்லை, தெரிந்த சொற்கள். 'படி' என்றால் நாம் எத்தனை சொல்கிறோம்: மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பஞ்சப்படி, புத்தகத்தைப் படி. ஆங்கிலத்திலும் அதே கதை. 'செக்' என்றால் தடுத்து நிறுத்துவது என்றும் பொருள். 'வாண்ட்' என்றால் இல்லாமை. 'குவாலிஃபை' என்றால் சொன்னதற்கு ஒரு வரம்பு போடுவது. 'சாங்ஷன்' அனுமதியும் ஆகும், தண்டனைத் தடையும் ஆகும்.

கோடிட்ட இடம் வந்தால் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். "ஊரே அவரைக் கஞ்சர் என்று சொன்னாலும், கோயில் கொடைக்கு அவர் கொடுத்தது ____." இதைத் தமிழில் யாரிடம் கேட்டாலும் 'தாராளம்' என்பார்கள். காரணம் அந்த 'ஆலும்'. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'தோ', 'டிஸ்பைட்', 'ஃபார் ஃப்ரம்' செய்யும். முதலில் அதைத் தேடி, கோட்டில் உங்கள் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு, பிறகு விடைகளைப் பாருங்கள். ஆறு சொல்லில் இரண்டைத் தேர்வு செய்யும் கேள்வியில், வாக்கியத்துக்குப் பொருந்தாத ஒரு ஜோடியும் ஒரே பொருளில் உட்கார்ந்திருக்கும். ஜோடியைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். தப்புக்குக் கழிவு இல்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

வெர்பல் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 23 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதை வைத்துத்தான் இரண்டாவதன் கடினம் அமையும். கிட்டத்தட்டப் பாதிக் கேள்விகள் பத்தி வாசிப்பு. சொல் அட்டையிலேயே நேரம் போனால் அந்தப் பாதி போய்விடும். நான் ஞாயிறுதோறும் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் வாசிப்பேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் ஒரே வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடியும் வாசிப்பேன். என் மதிப்பெண் ஏறியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உசிலைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. மந்தைச் சொற்களை இனி மறக்க மாட்டேன், எங்கள் வீட்டிலும் ஆடு உண்டு. அப்படியென்றால் படித்த ஆயிரத்தையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

மேலூர் அக்கா:
வேண்டாம் தம்பி. மாதிரித் தேர்வில் தப்பாகிற சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் பொருள் எழுதாமல், உங்கள் வீட்டில், பட்டறையில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எட்டு சொல் போதும். தேர்வை நடத்தும் இடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை இப்போதே தீர்த்துவிடாமல், ஒன்றைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்திருங்கள்.

உசிலைக்காரன்:
இது சரியா பாருங்கள் அக்கா: "அடுத்த மாதம் சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி சொன்னார். ஆர்டர் வந்தால் என்று சேர்த்து, சொன்னதை குவாலிஃபை செய்தார்."

மேலூர் அக்கா:
சரியாக இருக்கிறது தம்பி. அடுத்து 'செக்', 'வாண்ட்' இரண்டுக்கும் எழுதுங்கள்.