பிஷ் ஃபைண்டருக்கு ரீசார்ஜ் பேட்டரி: எட்டு செல்லிலிருந்து நான்கு செல்லுக்கு வந்த அனுபவம்

இராஜாக்கமங்கலம் துறைக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊரில் பைபர் வள்ளத்தில் தூண்டில் தொழில் செய்கிறேன். கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும், கையில் எடுத்துச் செல்லும் சிறிய பிஷ் ஃபைண்டர் ஒன்றை ரீசார்ஜ் பேட்டரியில் ஓடும்படி மாற்ற ஏறத்தாழ ஓராண்டு பாடுபட்டேன். இருமுறை தவறிய பிறகே சரியான வழி அமைந்தது என்பதால், அந்தத் தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வள்ளம் ஒவ்வொரு நாளும் மணலில் ஏற்றி வைக்கப்படுவது. மண்ணெண்ணெயில் ஓடும் எங்கள் அவுட்போர்டு எஞ்சினில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அமைப்பும் கிடையாது. எனவே கருவி, வயர், செல் எல்லாவற்றையும் காலையில் கொண்டுபோய் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்பா கணியம் பார்த்துப் பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டை, கண்டுபிடிப்பவர். மருந்துவாழ்மலையின் உச்சியையும் ஊர்க் கோயிலின் கோபுரத்தையும் நேர்பொருத்திப் பார்த்து வள்ளத்தை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் என்று உறுதி செய்துகொள்வார். மழைமூட்டத்தில் மலை மறைந்துபோகும் நாள்களுக்காகவே நான் இந்தக் கருவியை வாங்கினேன்.

கருவியில் எட்டு ஏ.ஏ. செல்கள் போட வேண்டும். ஒன்றுக்கு 1.5 வோல்ட் என்ற கணக்கில் மொத்தம் 12 வோல்ட். கருவி இயங்குவதற்கு 10 முதல் 20 வோல்ட் வரை தேவை என்று அதன் கையேட்டில் குறித்திருந்தது. முழு இடர்ப்பாடும் அந்த 10 என்ற எண்ணில்தான் இருந்தது என்பதை மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். ஆல்கலைன் செல் ஒன்றின் அழுத்தம் 1.25 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் எட்டும் சேர்ந்து 10 வோல்ட் ஆகிவிடுகிறது, கருவி அணைந்துவிடுகிறது; ஆனால் அந்தச் செல்லில் பாதி அளவு மின்சாரம் இன்னும் மிச்சமிருக்கிறது. கருவி தள்ளிவிட்ட செல்கள் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடின. வாரத்துக்கு மூன்று தொகுதி செல் வாங்கிய செலவைக் காட்டிலும், பாரின் விளிம்பில் களவா மீன் இரையைத் தட்டுகிற நேரத்தில் திரை இருண்டுபோவதுதான் என்னை அதிகம் வருத்தியது.

முதல் முயற்சியாக, அதே இடத்தில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் எட்டைப் போட்டேன். அளவு பொருந்தியது, அழுத்தம் பொருந்தவில்லை. இவை ஒன்றுக்கு 1.2 வோல்ட், எட்டுக்கு 9.6 தான். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியதால் கருவி ஓடியது. அரை மணி நேரத்தில் குறைமின் அடையாளம் மின்னி அணைந்தது. பத்து செல்கள் கொண்ட தனிப் பெட்டி செய்திருந்தால் 12 வோல்ட் கிடைத்திருக்கும். ஆனால் இருபது தொடுமுனைகளும் உப்புக்காற்றில் கெட்டுப்போகும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது முயற்சியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். செல்போனுக்கான பவர் பேங்கிலிருந்து வரும் 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் ஒரு வயரை வாங்கி இணைத்தேன். கரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை, 15 பாக ஆழத்தில், நடுநீரில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் நிறைந்து, அவற்றுக்கு மேல் கருவியே மீன் அடையாளமும் போட்டுக் காட்டியது. கணவாய்க் கூட்டம் என்று நம்பி ஒன்றரை மணி நேரம் தூண்டில் இறக்கினோம். இரை கடிபடாமல் அப்படியே மேலே வந்தது. நீவாட்டில் (நீரோட்டத்தில்) வள்ளம் விலகி ஆழம் 20 பாகமாகக் கூடிய பின்பும் அந்தப் புள்ளிகள் அதே உயரத்தில் நின்றதைக் கண்டபோதுதான் ஐயம் எழுந்தது. தண்ணீரில் இருந்த சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினேன். கடலடியின் கோடு உடனே மறைந்தது. புள்ளிகள் மறையவில்லை.

இதன் காரணம் எளிதானது. கருவி 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, மீனிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் மிக நலிந்த எதிரொலியைக் கேட்கிறது. அழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று, மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல லட்சம் முறை வெட்டி ஒட்டித்தான் 12 வோல்ட்டைத் தருகிறது. அந்த வெட்டலின் இரைச்சல் வயர் வழியே கருவிக்குள் புகுந்து எதிரொலிபோல வேடமிடுகிறது. இதற்குப் பிறகு எனக்கு ஒரே முடிவுதான்: இடையில் எந்த உயர்த்தியும் இல்லாமல், இயல்பிலேயே கருவிக்கு ஏற்ற அழுத்தம் தரும் பேட்டரியே வேண்டும்.

அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், 32700 அளவுள்ள, 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி செல்கள் நான்கை வரிசையாக இணைத்தேன். சார்ஜ் ஏறும்போது அதிகபட்சம் 14.6 வோல்ட், ஓடும் நேரத்தின் பெரும்பகுதி 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது, செல்கள் அளவு மீறி ஏறாமலும் வற்றாமலும் காக்கும் சிறு மின்சுற்றான பாதுகாப்புப் பலகை துண்டிப்பது 10 வோல்ட்டில். கருவி கேட்கும் எல்லைக்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது. திரைவிளக்கு எரியும்போது மல்டிமீட்டரில் அளந்ததில் கருவி 230 மில்லி ஆம்பியர் இழுத்தது. கணக்குப்படி ஒரு சார்ஜில் 24 மணி நேரத்துக்கும் மேல் ஓட வேண்டும். மூன்று நாள் தொழிலுக்குத் தாராளமாக வருகிறது. செல்லின் மீது நேரடியாக ஈயம் பற்ற வைக்கக் கூடாது, அந்தச் சூடு செல்லின் உள்ளே கேடு செய்யும். நாகர்கோவிலில் மின்வண்டி பேட்டரி பழுதுபார்க்கும் கடையில் நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்துகொண்டேன். நேர்முனையிலிருந்து ஒரு விரல் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன்.

வயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. முதலில் போட்ட சாதாரணச் செம்பு வயர் இரண்டே மாதத்தில் செத்தது. வெளியுறையில் கீறல்கூட இல்லை. பிளேடால் உரித்துப் பார்த்தால், முனையில் பச்சைக் களிம்பும் அதற்கு உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கரும்பொடியும் இருந்தன. உப்புநீர் இழைகளுக்கு நடுவே தானாக ஏறிச் செல்கிறது. இப்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள சுருங்குறையும் போட்டிருக்கிறேன். பெட்டி, ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா. வெயில் படாமல் அணியத்தின் (வள்ளத்தின் முன்பகுதியின்) அடியில் இருக்கும்.

முட்டம் பகுதி உறுப்பினர் எழுதியது:

அண்ணனுக்கு வணக்கம். நான் இதே வேலைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியை வைத்திருந்தேன். இரைச்சல் துளியும் இல்லை, விலையும் குறைவு. இரண்டு கிலோவுக்கு மேல் எடை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தொழில் முடிந்து வந்த அசதியில் சார்ஜ் போடாமல் நான்கைந்து நாள் வெறுமையாகவே வைத்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. அந்த வகை பேட்டரி வெறுமையாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். ஆறு மாதத்தில் அது பாதி கொள்ளளவுக்கு வந்துவிட்டது. இன்னொன்று, காற்றுப் புகாத டப்பாவுக்குள் மூடி வைத்தபடி ஒரு இரவு சார்ஜ் போட்டேன்; காலையில் மூடி உப்பித் திறந்துகிடந்தது. அதிலிருந்து ஹைட்ரஜன் வரக்கூடும் என்பதால், யாராயினும் மூடியைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில்தான் சார்ஜ் போட வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் பகுதி உறுப்பினர் எழுதியது:

ஆற்றுமுகத்தில் சிறு ஓடத்தில் தூண்டில் போடுபவன் நான். 18650 லித்தியம் அயன் செல்கள் மூன்றை வரிசையாக இணைத்தாலும் இந்த வேலை நடக்கும் என்று அண்ணனிடம் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். முழு சார்ஜில் 12.6 வோல்ட், 10 வோல்ட்டுக்கு இறங்கும்போது செல்லில் மிச்சம் மிகக் குறைவே, எனவே பெரிய இழப்பு இல்லை. எடையும் குறைவு. நான் செய்த தவறு, பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களைப் போட்டதுதான். அவற்றில் ஒன்று நலிந்திருந்தது. அது முதலில் வற்றியதும் பாதுகாப்புப் பலகை முழுத் தொகுதியையும் துண்டித்தது.

பதிவைத் தொடங்கியவரின் பதில்:

முட்டத்துத் தம்பி சொன்ன மூடியின் செய்தி மிக முக்கியமானது. தேங்காய்ப்பட்டணம் தம்பியின் கணக்கும் சரியானதே. நான் இரும்பு பாஸ்பேட்டைத் தேர்ந்தது சூட்டைத் தாங்கும் அதன் தன்மைக்காக. ஒன்றை மட்டும் மற்றவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த இரு வகைக்கும் பாதுகாப்புப் பலகையும் சார்ஜரும் வெவ்வேறு. லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட் வரை ஏறும், இரும்பு பாஸ்பேட் 3.65 உடன் நிற்க வேண்டும். ஒன்றின் பலகையை மற்றதற்குப் போடக் கூடாது. எந்த வகையாயினும், உள்ளே உப்புநீர் புகுந்த பெட்டிக்குச் சார்ஜ் போடவே கூடாது.

குளச்சல், முட்டம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். எங்கள் வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லையென்றாலும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கடல் ஏறிக் கிடக்கும் நாள்களில் கரையில்தான் இருப்போம். அப்போது பேட்டரியை முழுமையாகவும் நிரப்பாமல், வெறுமையாகவும் விடாமல் பாதி அளவில் வைத்து, கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வைக்கிறேன். இந்த ஆடியை ஒட்டி ஆறு வாரம் அப்படிக் கிடந்தது. நேற்று மாலை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 13.1 வோல்ட் காட்டியது. இன்று இரவு சார்ஜ் போட்டுவிட்டு, விடியற்காலை 15 பாகத்துப் பாருக்குப் போகிறோம்.