லயம் இருந்த இடத்தில் ஓர் இரவு: மோட்டார்ஹோமில் பேராக் போய் வந்த அனுபவம்

நான், என் மனைவி, என் அண்ணன் மூவரும் ஒரு மோட்டார்ஹோமை (படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய வீட்டு வண்டியை) வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலேசியாவின் பேராக் மாநிலம் பக்கம் போய் வந்தோம். பழைய ஆட்களைப் பார்க்க வேண்டும், நானும் அண்ணனும் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஈப்போவில் ஹோட்டலுக்கா பஞ்சம், எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பூர்வீக வீடு என்று ஒன்று கிடையாது. லயம் என்பது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு; அது கம்பெனி வீடு. அப்பாவுக்கு வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம். ஓய்வு பெற்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். கம்பத்தில், அதாவது கிராமத்தில், வீடு உள்ளவர்கள் பெருநாளுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாங்கள் வீட்டையே கொண்டுபோனால்தான் உண்டு.

கிள்ளானிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறாமல் கடலோரப் பழைய சாலையைப் பிடித்தோம். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்கள், சபாக் பெர்ணம், ஆற்றைத் தாண்டினால் பேராக். இந்த வண்டிக்கு அந்தச் சாலைதான் சரி. வேகமாகப் போகத் தோன்றாது; கண்ட இடத்தில் நிறுத்திப் பசியாறலாம்.

முதலில் ஊத்தான் மெலிந்தாங் அத்தை வீடு. பாகான் டத்தோ வரை தென்னந்தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. அத்தை வீடு சின்ன வீடு. யாராவது வருகிறார்கள் என்றால் சந்தோஷத்தைவிட, எங்கே படுக்க வைப்பது என்ற கவலைதான் அவருக்கு முதலில் வரும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இந்த முறை வண்டி வாசலில் நின்றதும் அந்தக் கவலை போய்விட்டது. படியேறி வந்து அடுப்பைத் திருகிப் பார்த்தார், ஐஸ்பெட்டியைத் திறந்தார், கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார். "அட, எல்லாமே இருக்கே. அப்ப நாலு நாளு இருந்துட்டுப் போங்கடா" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. நண்டுக் குழம்பை அவர் வீட்டில் வைத்தார், சாப்பிட்டது வண்டியில்.

தெலுக் இந்தானில் பள்ளிக்கூட நண்பன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் கீழே காத்திருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். ஊருக்கே தண்ணீர்த் தொட்டியாக இருந்த கட்டடம். நண்பன் பல வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரி ஓட்டியவன். வணக்கம் சொல்வதற்கு முன்பே டயரைத் தட்டிப் பார்த்தான். "தோட்டத்து ரோட்டுல மழை பேஞ்சா இறக்காத. செம்மண்ணு இழுத்துரும். ரோட்டுக்கு மேல தொங்குற மட்டைய பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுத்தான் குடும்பக் கதைக்கு வந்தான். அவன் சொன்ன இரண்டும் பிறகு அப்படியே உதவின. இந்த வண்டிகள் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். பட்டணத்தில் பல கார் நிறுத்துமிடங்களின் இரும்புக் கம்பிக்குக் கீழே போகாது.

அப்புறம் சுங்கை சிப்புட். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி (மலேசியப் பணம்) கட்டிப் பங்கு வாங்கியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று சம்பந்தன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சங்கம் பல தோட்டங்களை வாங்கியது. எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை. கை மாறிக் கை மாறி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். ரப்பருக்கு வேண்டிய ஆட்கள் செம்பனைக்கு வேண்டாம். லயம் காலியானது, பள்ளிக்கூடம் தாமானுக்கு (பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிக்கு) போனது. கோயில் மட்டும் நிற்கிறது.

தோட்டத்து வாசலில் காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னோம். கோயில் தலைவரிடம் முன்கூட்டியே போனில் பேசி அனுமதி வாங்கியிருந்தோம். தயவுசெய்து நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தனியார் நிலம் அது. கேட்டுப் போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எங்களோடு ஆயாவையும் தாமானிலிருந்து அழைத்துப் போயிருந்தோம். ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே மரத்துக்குப் போயாக வேண்டும். எண்பதைத் தாண்டிவிட்ட ஆயா, வண்டியை விட்டு இறங்கியதும் கைத்தடியால் தரையில் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்தார். "இது தண்டல் (கங்காணி) வீடு. இது பால் ஸ்டோருக்குப் போற பாதை. இங்கதான் பைப்பு, சண்டை எல்லாம் இங்கதான். இது உங்க வீடு, ஏழாவது கதவு." எங்களுக்கு அங்கே செம்பனையும் புல்லும்தான் தெரிந்தன. அண்ணன் புல்லை விலக்கிப் பார்த்தபோது துணி துவைக்கிற சிமெண்டுக் கல் உடைந்து கிடந்தது. ஆயா சொன்னது அடிக்கணக்கில்கூடத் தப்பவில்லை.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அதைப் பற்றியும் கேட்டோம். "அப்ப நான் சின்னப் புள்ள. இருட்டுனா யாரும் வெளிய போகக்கூடாது. அம்மா விளக்க அணைச்சுட்டு எங்கள அணைச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்" என்றார். பாடப் புத்தகத்தில் பத்து முறை படித்திருக்கிறேன். அவர் சொன்ன இரண்டு வரியில்தான் அது என்ன பயம் என்று புரிந்தது.

கோயிலுக்குப் பின்னால் நாலைந்து ரப்பர் மரங்கள் தப்பியிருக்கின்றன. அண்ணன் குனிந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்தார். பழுப்புப் புள்ளியோடு வழவழவென்று இருந்தது. அதைக் கோயில் திண்ணையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் என் கையில் வைத்து அழுத்தினார். ஆறு வயதில் அலறியது போலவே அலறினேன். ஆயா, "டேய் பெரியவனே, தம்பிய விடுடா!" என்று கைத்தடியை ஓங்கினார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள். லொம்போக்கிலிருந்து வந்த ஒருவர் குடும்பத்தோடு பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறார். நாங்கள் கேட்காமலே ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்தார், தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. எங்கள் அப்பா இங்கே வேலை பார்த்தவர் என்று மலாயில் சொன்னதும், தன் மகனைக் கூப்பிட்டு எங்களுக்கு சலாம் சொல்ல வைத்தார். அந்தப் பையனுக்கும் இது சொந்த வீடில்லை. வேலை முடிந்தால் அவனும் கிளம்ப வேண்டியவன்தான். அன்று இரவு அதைப் பற்றித்தான் நாங்கள் மூவரும் நெடுநேரம் பேசினோம்.

ஆயாவைத் தாமானில் விட்டுவிட்டு வந்து, ஏழாவது கதவு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திப் படுத்தோம். அண்ணன் மேல் கட்டிலில் ஏறியவர் காலை வரை அசையவில்லை.

தைப்பிங்கில் எங்கள் வாத்தியாரைப் பார்த்தோம். வண்டிப் படி ஏற அவருக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வண்டியின் பக்கவாட்டுத் துணிப் பந்தலை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சாயங்காலம் முழுக்கப் பேசினார். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நம் ஊர் வெக்கையில் ராத்திரிதான் சிரமம். குளிர்சாதனம் ஓட வெளி மின்சாரம் வேண்டும். பேட்டரியில் காற்றாடி மட்டும்தான் தாங்கும். அதனால் மின்சாரம் கிடைக்கும் இடங்களை முதலிலேயே பேசி வையுங்கள். கழிவுத் தொட்டியைக் கண்ட இடத்தில் திறக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக் கழிப்பறையில் கேட்டுக் கொட்டுவதே மரியாதை. குளிக்க நெடுஞ்சாலை ஓய்விடங்கள் இருக்கின்றன. வயதானவர்களை ஏற்றுவதாக இருந்தால் ஒரு சின்ன முக்காலி எடுத்துப் போங்கள். மனைவியின் யோசனை இது, ஆயாவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு மனைவி பிறந்த ஜொகூர் மாநிலத்து லாபிஸ், சிகாமட் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். அங்கே கோயில் வளாகத்தில் இரவு வண்டி நிறுத்த இடம் தருவார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.