புதுப்பிப்பு: ஓவாஹுவில் ஹவாய்ச் சாப்பாடு, போய்ச் சாப்பிட்டாச்சு!

சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டல்கள் நடத்தும் லுவாவ் விருந்தை விட்டுவிட்டு, ஹவாயின் ஓவாஹு தீவில் அந்த ஊர்ப் பழைய சாப்பாடும் இனிப்பும் எங்கே கிடைக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். ஊர் திரும்பியாச்சு. வழி சொன்னவர்களுக்கு நன்றி.

பலரும் சொன்ன ஹெலனாஸ் என்ற சாப்பாட்டுக் கடை ஹொனலுலுவின் கலிஹி பகுதியில் இருக்கிறது. 1946-இல் தொடங்கிய கடை, 2000-இல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியது. ஆனால் பந்தா எதுவும் கிடையாது. பிபிகௌலாவைத் தவறவிடாதீர்கள். மாட்டு விலாத் துண்டுகளை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்தி, அப்புறம் பொரித்துத் தருகிறார்கள். ஓரம் மொறுமொறு, உள்ளே சாறு. கூடவே பச்சை வெங்காயமும் ஹவாய் உப்பும். போய் என்பது சேப்பங்கிழங்கை அவித்து இடித்த கூழ். தனியாகச் சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். உப்புக்கறியோடு சேர்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

இனிப்புக்கு என் ஓட்டு ‘வையாஹோலே போய் ஃபேக்டரி’ என்ற கடைக்கு. சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குலோலோவைச் சூடாக வைத்து, மேலே ஹௌபியா (தேங்காய்ப்பால் இனிப்பு) ஐஸ்கிரீம் போடுகிறார்கள். நம் அல்வா மாதிரி கனமாக, பல்லில் ஒட்டும். ஐஸ்கிரீம் உருகி ஓடும் முன் சாப்பிட்டுவிடுங்கள்.

லெனர்ட்ஸ் பேக்கரியின் மலசாடா (பொரித்துச் சர்க்கரையில் புரட்டிய பன்)? 1952-இலிருந்து இருக்கிற கடை, சூடாகத் தின்றால் பிரமாதம். ஆனால் அது ஹவாயின் பழைய பண்டம் இல்லை, கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்களின் பண்டம்.

சைவம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: சேப்ப இலையில் பொதிந்து அவிக்கும் லௌலௌவில் பெரும்பாலும் பன்றிக்கறி இருக்கும். சைவத்துக்குப் போய்க் கூழ், குலோலோ, தேங்காய்ப்பால் ஹௌபியா, சோறு, இவ்வளவுதான்.