டெர்மினல் திறக்கவே நேரமாகிறது, கான்ஃபிக்கைக் காலியிலிருந்து எழுதலாமா?

நீலத்திரை:

வேலையில் சேர்ந்த புதிதில் டீமில் ஒருவர் தன்னுடைய இசட்எஸ்எச் (டெர்மினலில் அடிக்கும் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) கான்ஃபிக்கை, அதாவது செட்டிங் ஃபைலை, அப்படியே கொடுத்தார், அதைத்தான் இன்றுவரை ஓட்டுகிறேன். ஓ மை இசட்எஸ்எச் என்கிற ரெடிமேட் செட்டிங் தொகுப்பு, அதன் மேல் ஏகப்பட்ட ப்ளகின், பட்டை பட்டையாக ஐகான் வைத்த ஒரு தீம். புது டேப் திறந்தால் பிராம்ப்ட் (கமாண்ட் அடிக்கக் காத்திருக்கும் வரி) வருவதற்குள் நான் டைப் செய்யத் தொடங்கிவிடுகிறேன், அந்த எழுத்துகள் மேலே தனியாகக் கிடக்கின்றன. பெரிய ரெப்போவுக்குள் (கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கவனிக்கிற ஃபோல்டர்) போனால் ஒவ்வொரு என்டருக்கும் ஒரு தயக்கம். ஃபைலில் பாதி வரிகள் எதற்கு இருக்கின்றன என்றே தெரியவில்லை.

எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் காலி ஃபைலில் தொடங்க ஆசை. உங்களுக்கு தினமும் உண்மையிலேயே கைகொடுக்கும் செட்டிங் எவை? இல்லை, பேசாமல் ஃபிஷ் என்கிற வேறு ஷெல்லுக்குப் போய்விடலாமா? என்னுடையது மேக். சர்வர்கள் எல்லாம் லினக்ஸ், அங்கே பாஷ் என்கிற ஷெல் மட்டும்தான்.

ஆலமரநிழல்:

அழிப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். இசட்எஸ்எச்சுக்குள்ளேயே இசட்ப்ராஃப் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. இசட்எஸ்எச்ஆர்சி, அதாவது உங்கள் கான்ஃபிக் ஃபைலின் முதல் வரியில் அதை லோட் செய்து, கடைசி வரியில் இசட்ப்ராஃப் என்று கூப்பிட்டால் எந்த ஃபங்ஷன் எவ்வளவு மில்லிசெகண்ட் தின்கிறது என்று ஒரு பட்டியலே வரும். பெரும்பாலும் இரண்டு பேர்தான் மாட்டுவார்கள். ஒன்று என்விஎம் மாதிரி, நோட்டின் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் ப்ரோகிராம்) பதிப்புகளை மாற்றித் தரும் வெர்ஷன் மேனேஜர். நோட் தேவையே இல்லாத டேப்பிலும் அது முழுசாக லோட் ஆகும். நோட் என்று முதல்முறை அடிக்கும்போது மட்டும் லோட் ஆகும்படி சின்ன ஃபங்ஷன் ஒன்றில் சுற்றிவிட்டால் போதும். இன்னொன்று காம்ப்இனிட், அதாவது டேப் கீயை அழுத்தினால் மீதிக் கமாண்டை நிரப்பும் வசதியைத் தயார் செய்கிற வேலை. ஓ மை இசட்எஸ்எச் அதை ஒரு தடவை கூப்பிடும், கீழே வேறு எதையோ இன்ஸ்டால் செய்தபோது ஒட்டிய வரி இன்னொரு தடவை கூப்பிடும். ஒரு தடவை போதும்.

என்டருக்குப் பிறகு வரும் தயக்கம் வேறு விஷயம். பிராம்ப்டில் கிட் பிராஞ்ச் பக்கத்தில் 'மாற்றம் இருக்கிறது' என்று ஒரு குறி வருகிறதே, அதைக் காட்ட ஒவ்வொரு தடவையும் என்ன மாறியது என்று தேடும் கிட் ஸ்டேட்டஸ் ஓடுகிறது. ஓ மை இசட்எஸ்எச்சில் ஹைட் டர்ட்டி என்கிற கிட் செட்டிங்கை அந்த ரெப்போவில் மட்டும் போட்டுவிடலாம். தீம் அதை மதித்தால் குறி போய்விடும், பிராஞ்ச் பெயர் இருக்கும்.

பழைய_பாஷ்:

நான் பாஷ்தான், மாறுகிற எண்ணமும் இல்லை. தீம், ஐகான் எல்லாம் அப்புறம், முதலில் ஹிஸ்டரியைச் சரிசெய்யுங்கள். பாஷ்ஷில் ஒன்றும் தொடாமல் விட்டால் 500 கமாண்ட் மட்டும்தான் நினைவில் நிற்கும். போதாக்குறைக்கு, ஷெல்லை மூடும்போது ஹிஸ்டரி ஃபைலையே திருப்பி எழுதிவிடும், அதனால் இரண்டு டேப் திறந்திருந்தால் கடைசியாக மூடியதே மிஞ்சும். ஹிஸ்ட்அப்பெண்ட் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள், அளவை லட்சத்துக்கு ஏற்றுங்கள், ஒவ்வொரு பிராம்ப்டுக்கு முன்பும் ஹிஸ்டரியை ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முன்பு அடித்த ஃபைல்களைக் காப்பி செய்யும் அந்த நீளமான ஆர்சிங்க் கமாண்ட், எந்த ஃபோல்டரை விலக்கினோம் என்பது முதற்கொண்டு, கண்ட்ரோல் ஆர் அழுத்தித் தேடினால் வந்து நிற்கும். நான் வேறு எதை இழந்தாலும் இதை இழக்கமாட்டேன்.

அடுத்தது இன்புட்ஆர்சி. இப்படி ஒரு ஃபைல் இருப்பதே பலருக்குத் தெரியாது. மேல் அம்புக்குறியை 'ஹிஸ்டரி சர்ச் பேக்வேர்ட்' என்பதோடு கட்டிவிட்டால், கிட் என்று அடித்து அம்புக்குறியை அழுத்தும்போது கிட் என்று தொடங்குபவை மட்டும் வரிசையாக வரும். ரீட்லைனை (டைப் செய்யும் வரியைக் கவனிக்கும் லைப்ரரி) பயன்படுத்தும் எல்லா ப்ரோகிராமுக்கும், ஜிடிபி என்கிற டீபக்கர் உட்பட, அதே ஃபைல்தான். உங்கள் சர்வரில் பாஷ் மட்டும்தான் என்றால் இந்த ஒரு சின்ன ஃபைலை அங்கே காப்பி செய்தாலே பாதி வசதி வந்துவிடும். (இசட்எஸ்எச் ரீட்லைனைத் தொடுவதில்லை, அங்கே பைண்ட்கீ மூலம் தனியாகச் செய்ய வேண்டும்.)

பிராம்ப்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டே இரண்டு தகவல் போதும். முந்தைய கமாண்ட் தோற்றிருந்தால் அதன் எக்ஸிட் கோட் (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்), ஜெயித்திருந்தால் ஒன்றும் வேண்டாம். அப்புறம், எந்த மெஷினில் நிற்கிறேன் என்பது. ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஹோஸ்ட் பெயரைச் சிவப்புப் பின்னணியில் வையுங்கள், லோக்கலில் நிறமே வேண்டாம். நிறம் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாஷ்ஷில் நிறக் குறியீட்டின் இரண்டு பக்கமும் பின்சாய்வோடு சதுர அடைப்புக்குறி போட வேண்டும். போடாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் அகலத்தில் சேர்த்துக் கணக்குப் போடும், நீளமான கமாண்ட் அடித்தால் வரி அடுத்த வரிக்குப் போகாமல் தன் மேலேயே வந்து எழுதும்.

மீன்கொத்தி:

ஃபிஷ்ஷைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. 2005இல் வந்தது, 2025இல் வந்த 4.0 பதிப்புக்காக உள்ளே இருந்ததை ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதிவிட்டார்கள். நீங்கள் இத்தனை ப்ளகின் போட்டு வரவழைக்கிற ஆட்டோசஜஷன், அடிக்கும்போதே கமாண்ட் தப்பென்றால் சிவப்பாகக் காட்டுவது, இதெல்லாம் அதில் ஒரு வரி கான்ஃபிக் கூட இல்லாமல் வரும்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அப்ரிவியேஷன். ஜிசிஓ என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் கண்ணெதிரே கிட் செக்அவுட் என்று விரிந்துவிடும். ஹிஸ்டரியிலும் முழு கமாண்ட்தான் பதிவாகும், சர்வருக்குப் போனாலும் நிஜக் கமாண்ட் விரலுக்கு மறக்காது. ஆலியாஸில் (கமாண்டுக்கு நாமே வைக்கும் வேறு பெயர்) இது கிடைக்காது.

ஆனால் பாஷ்ஷிலிருந்து காப்பி செய்த ஃபார் லூப் அதில் ஓடாது, இலக்கணமே வேறு. ஸ்கிரிப்ட் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது, முதல் வரியில் பாஷ் என்று இருந்தால் பாஷ்ஷில்தான் ஓடும். நாள் முழுக்க சர்வரில் பாஷ் அடிப்பவர் என்றால் இரண்டு இலக்கணத்துக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்க வேண்டிவரும். அதை யோசித்து முடிவெடுங்கள்.

பழைய_பாஷ்:

ஆலியாஸ் பேச்சு வந்ததால் ஒன்று. ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டையே 'கேட்டுவிட்டு அழி' என்று ஆலியாஸ் போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். கேட்கும் என்ற தைரியம் விரலில் ஏறிவிடும், அந்த ஆலியாஸ் இல்லாத மெஷினில் கேட்காமலே அழித்துவிடும். வேறு பெயர் வையுங்கள்.

நீலத்திரை:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன், பாதிக்கு மேல் என்விஎம்தான்! அதைத் தள்ளிப்போட்டதும் டேப் உடனே திறக்கிறது, ஹைட் டர்ட்டியும் போட்டாயிற்று. இசட்எஸ்எச்சிலேயே இருந்து, காலி ஃபைலில் ஹிஸ்டரியிலிருந்து தொடங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பாத்தை (கமாண்டுகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் வரிசை) இசட்எஸ்எச்இஎன்வி ஃபைலில் வைத்தேன், ஆனால் நான் முன்னால் போட்ட ஃபோல்டர் பின்னால் போய்விடுகிறது, ஏன்? அப்புறம், இதையெல்லாம் கிட்டில் போட்டு வைக்கலாமா?

ஆலமரநிழல்:

மேக்கில் டெர்மினல் ஒவ்வொரு டேப்பையும் லாகின் ஷெல்லாக, அதாவது அப்போதுதான் லாகின் செய்தது போல, திறக்கும். இசட்எஸ்எச்இஎன்வி படித்து முடித்த பிறகு சிஸ்டத்தின் இசட்ப்ரொஃபைல் ஓடும், அதற்குள் பாத் ஹெல்பர் என்று ஒன்று சிஸ்டம் ஃபோல்டர்களை முன்னால் கொண்டுவந்து வரிசையை மாற்றிவிடும். உங்கள் வரியை ஹோம் ஃபோல்டரில் உள்ள இசட்ப்ரொஃபைலுக்கு மாற்றுங்கள், அது சிஸ்டத்துடையதற்குப் பிறகு ஓடும், சரியாகிவிடும்.

கிட்டில் தாராளமாகப் போடலாம். ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து ஹோமுக்கு சிம்லிங்க் (அசல் ஃபைலைச் சுட்டும் இணைப்பு) கொடுங்கள், குனு ஸ்டோ என்கிற ப்ரோகிராம் இதைத் தானாகச் செய்யும். டோக்கன், பாஸ்வேர்ட் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனி ஃபைலில் எழுதி, நீங்கள் மட்டும் படிக்க, எழுத முடிகிற 600 பெர்மிஷன் கொடுத்து, இருந்தால் மட்டும் சோர்ஸ் செய் (படித்து ஓட்டு) என்று இசட்எஸ்எச்ஆர்சியில் ஒரு வரி போதும். அந்த ஃபைலின் பெயரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் சேர்த்துவிட்டு அதன் பிறகு முதல் கமிட் செய்யுங்கள்.