போதகர் விடைபெறுகிறார், புதியவர் இன்னும் வரவில்லை: சபையை எப்படி நடத்துவது?

சபைச் செயலர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். 14 வருடம் எங்களோடு இருந்த போதகர் ஐயா இன்னும் 2 மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அடுத்தவரைத் தேடும் குழு இப்போதுதான் கூடியிருக்கிறது. எப்படியும் ஆறேழு மாதம் ஆகும். ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆள் பார்த்துவிடலாம். மற்றதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. ஒரு சாரார் உதவிப் போதகரையே போட்டுவிடுங்கள் என்கிறார்கள், இன்னொரு சாரார் அவர் வந்தால் நாங்கள் வர மாட்டோம் என்கிறார்கள். வயதான அம்மாக்கள் என்னைப் பார்த்தாலே அழுகிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மூப்பர்:
தம்பி, 3 முறை போதகர் மாறியபோது நான் பொறுப்பில் இருந்தேன். முதல் தடவை நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன்.

பிரசங்க அட்டவணையை அச்சடித்து ஒட்டிவிட்டு, எல்லாம் சரி என்று இருந்துவிட்டோம். சபையில் ஒரு பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் போதகர் அவர் வீட்டுக்குப் போய்த் திருவிருந்து (இயேசுவின் நினைவாகத் தரும் அப்பமும் திராட்சரசமும்) கொடுப்பது வழக்கம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, போதகரின் நினைவில் மட்டும் இருந்தது. மூன்றாவது மாதம் தற்செயலாக அந்த வீட்டுக்குப் போனேன். மனைவி அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டில் பக்கத்து ஸ்டூலில் துணி விரித்து வைத்திருந்தார். முந்தைய 2 மாதமும் அப்படியே சாயங்காலம் வரை காத்திருந்தார்களாம். அந்த ஸ்டூலைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இப்போதே ஐயாவோடு உட்காருங்கள். யாருக்கு நோய், எந்த வீட்டில் துக்கம், யாருக்கு வீட்டில் திருவிருந்து, எந்தப் பிள்ளைக்குத் திருமணம் கூடி வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அவரை நம்பிச் சொன்ன ரகசியங்களை மட்டும் கேட்காதீர்கள். அப்புறம் வீடுகளை மூப்பர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். திருவிருந்து கொடுக்க உங்கள் சபை ஒழுங்கில் யாருக்கு உரிமை உண்டு என்பதையும் விசாரித்து வையுங்கள். பல சபைகளில் போதகராக அபிஷேகம் பெற்றவர் மட்டுமே கொடுக்கலாம்.

உதவிப் போதகர் விஷயத்தை இழுக்க வேண்டாம். அடுத்த போதகராக வர அவர் விரும்புகிறாரா என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரும் தேர்வில் இருப்பவர், அதனால் இடைக்காலப் பொறுப்பை வெளியே இருந்து வரும் ஒருவரிடம் கொடுங்கள்.

அம்மாக்கள் அழட்டும். மோசே உயிரோடிருக்கும்போதே யோசுவாவைச் சபைக்கு முன்பாக நிறுத்திக் கைகளை வைத்தார் (எண்ணாகமம் 27). அடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மோசே இறந்தபோது ஜனங்கள் 30 நாள் அழுதார்கள் (உபாகமம் 34). உங்களுக்கோ வருகிறவர் யாரென்றே தெரியாது.

ஒரு போதகரின் மனைவி:
மூப்பர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு முன்பு இருந்தவர் அருமையான ஊழியர். ஆனால் கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் சபையார் அவரையேதான் அழைத்தார்கள். முதல் வருடம், நாங்கள் வாராவாரம் போய் ஜெபித்த ஒரு பாட்டியின் அடக்கத்தில் என் கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அங்கியைக் கூடக் கழற்றவில்லை.

பிரியாவிடை நாளில் உங்கள் ஐயாவே சபைக்குச் சொல்லட்டும்: "இனி வருகிறவர்தான் உங்கள் போதகர். அவர் அழைத்தால் மட்டும் வருவேன்." கமிட்டி சொன்னால் மனஸ்தாபம்தான் வரும். அவர் சொன்னால் கேட்பார்கள்.

சபைச் செயலர்:
நேற்று ஐயாவோடு உட்கார்ந்தேன். முதல் நாளே 11 வீடு எழுதினோம், அதில் 4 வீட்டு நிலைமை எனக்கு அறவே தெரியாது. பிரியாவிடையில் தானே சொல்வதாக ஒத்துக்கொண்டார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. இன்னொரு சந்தேகம் அக்கா, ஐயா: தேடும் குழு மாதக்கணக்கில் வாயே திறக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடுமே?

ஓய்வுபெற்ற மூப்பர்:
ஓடும். குழு பேசிக்கொண்டிருக்கும் போதகர்களின் பெயர்களைச் சொல்லக் கூடாது, அவர்கள் இப்போது இருக்கும் சபையில் சங்கடமாகிவிடும். ஆனால் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை 2 வாரத்துக்கு ஒரு முறை அறிவிப்பு நேரத்தில் சொல்லுங்கள். புதிதாக எதுவும் இல்லை என்றாலும் எழுந்து நின்று அதையே சொல்லுங்கள்.

அந்த 4 வீட்டுக்கும் இந்த வாரமே ஐயாவோடு நீங்களும் போய் வாருங்கள் தம்பி. உங்களை அவரே அறிமுகப்படுத்தி வைக்கட்டும்.