தண்டுவடத்தில் வைக்கும் ஷ்வான் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காப்பது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். எலியின் சயாட்டிக் நரம்பிலிருந்து பிரித்து வளர்த்த ஷ்வான் செல்களை, நசுங்கிய தண்டுவடத்துக்குள் ஊசி வழியே செலுத்துகிறோம். நரம்பிழைகளுக்கு மைலின் உறை போடக்கூடிய இந்தச் செல்கள் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மிகச் சிலவே மிஞ்சுகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தமே (தீவிர ஆக்சிஜன் வேதிப்பொருட்கள் செல்லைச் சேதப்படுத்துவதே) காரணம் என்று எண்ணி, அந்த அழுத்தத்தை உண்டாக்க வளர்ப்புத் தட்டில் 500 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, அதனுடன் அதை எதிர்க்கும் மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீனைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு வாரம் மருந்து செல்களை நன்றாகக் காப்பாற்றியது. அடுத்த வாரமோ மருந்து சேர்க்காத தட்டுக்குழிகளிலும் செல்கள் சாகவே இல்லை. இந்த முடிவை நம்பி விலங்குச் சோதனைக்குப் போகலாமா?

மறுமொழி 1

போக வேண்டாம், முதலில் செல் வளர்ப்பு ஊடகப் புட்டியின் லேபிளைப் பாருங்கள். செல்களுக்கு உணவாக ஊடகத்தில் சேர்க்கப்படும் பைருவேட், ஹைட்ரஜன் பெராக்சைடுடன் நொதியின் உதவி இல்லாமலே வினைபுரிந்து அதை அழித்துவிடும், அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். வழக்கமான ஊடகங்கள் பலவற்றில் 1 மில்லிமோலார் சோடியம் பைருவேட் இருப்பதால், உங்கள் 500 மைக்ரோமோலார் முழுவதும் செல்லைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்திருக்கலாம். இதே தவற்றில் நான் நான்கு மாதங்களை இழந்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பைருவேட் இல்லாத ஊடகத்தில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சேர்த்துப் பெராக்சைடைச் சிறிது சிறிதாக, தொடர்ந்து உண்டாக்குங்கள். காயத்தில் நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெராக்சைடை வெளிவிடுவதும், கசிந்த இரத்தத்தின் இரும்பு அதை இன்னும் தீவிரமான ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாற்றுவதும் தொடர்ந்து நடப்பவையே. ஒரே முறை ஊற்றும் பெராக்சைடு அந்த நிலைமைக்கு ஈடாகாது.

இன்னொன்று: மருந்தையும் பெராக்சைடையும் சேர்த்தே ஊற்றினால், மருந்து வெளியே நின்று பெராக்சைடைத் தின்றதா, செல்லின் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளுட்டாதயோனை உள்ளே உயர்த்தியதா என்று சொல்ல முடியாது. நீங்கள் செல்களைக் கழுவித்தானே ஊசியில் ஏற்றுகிறீர்கள்? அப்படியே தட்டிலும் முதல் நாள் மருந்து கொடுத்து, கழுவி, அதன் பிறகு பெராக்சைடைக் கொடுங்கள். அமிலத்தன்மை கொண்ட இந்த மருந்தின் பிஎச் அளவைச் சரிசெய்த பிறகே சேர்க்க வேண்டும்.

மறுமொழி 2

மேலே உள்ள ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். காலத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 2006-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், அடிபட்ட உடனே வைத்த ஷ்வான் செல்களில் இரண்டு வாரத்தில் மிகச் சிலவே எஞ்சின. 7 நாள் தாமதித்து வைத்ததும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து கொடுத்ததும் எண்ணிக்கையை உயர்த்தின. மயாமியில் நடந்த முதல் கட்ட மனிதச் சோதனையில் 6 பேருக்கு அவரவர் கெண்டைக்கால் நரம்பிலிருந்தே செல்கள் எடுக்கப்பட்டன. அவற்றைப் பெருக்கவே வாரங்கள் பிடிப்பதால், முதல் நாட்களின் கொந்தளிப்பு தானாகவே கடந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஆனாலும் சில வாரங்கள் கழித்த காயத்திலும் இரத்தநாளங்கள் குறைவு, ஆக்சிஜனும் குறைவு. ஆகவே பாதுகாப்பு செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் ஒரு நாளாவது நீடிக்க வேண்டும். செல்களைத் தண்டுவடத்தில் வைக்கும் முன்பே, ஆக்சிஜன் குறையும்போது செயல்படும் ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபா புரதத்தை நிலைநிறுத்தும் வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஆக்சிஜன் இருக்கும்போது அந்தப் புரதத்தைக் குறியிட்டு அழிவுக்கு அனுப்பும் நொதியைத் தடுத்தால், தாழ்ந்த ஆக்சிஜனுக்கான தயாரிப்புகளைச் செல் முன்கூட்டியே தொடங்கிவிடும்.

எண்ணும்போதும் கவனம் தேவை. எலியின் சொந்த ஷ்வான் செல்களும் காயத்துக்குள் ஏராளமாகக் குடியேறும். எல்லா ஷ்வான் செல்களிலும் உள்ள எஸ்100 புரதத்தைக் காட்டும் சாயத்தை மட்டும் நம்பினால், விருந்தாளியையும் வீட்டாரையும் ஒன்றாக எண்ணிவிடுவீர்கள். வைக்கும் செல்களுக்கு நிலையான மரபணு அடையாளம் அவசியம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புட்டிகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். செல்கள் இறந்த வாரம் பயன்படுத்தியதில் பைருவேட் இல்லை. பிழைத்த வாரத்துப் புட்டியில் இருக்கிறது. நான் எஸ்100 சாயத்தைத்தான் பயன்படுத்தினேன் என்பதால், மிஞ்சியதாக நான் எண்ணிய அந்தச் சிலவும் எலியின் சொந்தச் செல்களாக இருக்கலாம். பச்சை ஒளிர்புரத்துக்கான மரபணுவை ஏற்றிய செல்களை வளர்த்த பின்பே அடுத்த எலியைத் தொடுவேன்.