குளிர் ஊரில் மிளகாய் விதை போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லீட்ஸ், இங்கிலாந்து

வீட்டில் மிளகாய் விதை போடுவது எனக்கு இது நாலாவது வருடம். முதல் இரண்டு வருடம் ஒன்றும் தேறவில்லை. போன வருடம் ஆறு செடி வந்தது, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கடையில் மிளகாயே வாங்கவில்லை. நடுவில் என்ன மாறியது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். அங்கே மிளகாய் முளைக்க வைப்பதை ஒரு வேலையாக யாரும் நினைத்ததில்லை. அம்மா வற்றலைக் காம்பு கிள்ளும்போது சிதறும் விதை, பெருக்கித் தள்ளும் குப்பையோடு கொல்லைக்குப் போய், ஒரு மழைக்குத் தானாக முளைத்து நிற்கும். அதே நினைப்பில் இங்கே முதல் வருடம் ஏப்ரலில் ஒரு தொட்டியில் விதையைத் தூவி ஜன்னல் திண்டில் வைத்தேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. மண்ணைக் கிளறினால் விதை பழுப்பேறி, விரலால் அழுத்தியதும் கூழாக வந்தது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, நான் பனியனோடு நிற்கிறேன், இந்த விதைக்கு மட்டும் என்ன குளிர் என்று சமையல் தெர்மாமீட்டரை மண்ணுக்குள் செருகிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு 13 டிகிரி. அறையில் 19. கண்ணாடியை ஒட்டி நிற்கிற ஈர மண் அறையோடு சேர்ந்து சூடாவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மிளகாய் விதைக்கு மண்ணிலேயே 25 முதல் 30 டிகிரி வேண்டும். 15க்குக் கீழே போனால் முளைப்பதைவிட அழுகுவதுதான் அதிகம்.

இரண்டாம் வருடம் சூட்டைப் பிடித்துக்கொண்டேன். பிப்ரவரியில் ரேடியேட்டருக்கு மேல் ஒரு பலகை, பலகைமேல் நாற்றுத் தட்டு. எட்டாம் நாளே முளைப்பு. அந்தச் சந்தோஷத்தில் தட்டை அங்கேயே விட்டுவிட்டேன். தப்பு அதுதான். இங்கே பிப்ரவரி நடுவில் பகல் பத்து மணி நேரம்கூட இருக்காது, அதிலும் பாதி மேகம். கீழே சூடு வளரச் சொல்லித் தள்ளுகிறது, மேலே வெளிச்சம் இல்லை. நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வாடுகிறதோ என்று நான் தண்ணீரை வேறு ஊற்ற ஊற்ற, மண்ணை ஒட்டிய தண்டு கருத்து, சுருங்கி, ஒவ்வொன்றாக மடங்கி விழுந்தது. ஊரில் நாற்றழுகல் என்பார்களே, அதேதான். நாலு நாளில் தட்டு காலி.

ஊரில் சூடும் வெளிச்சமும் ஒரே வெயிலில் சேர்ந்து வந்துவிடுகிறது. அதனால் இரண்டும் வேறு வேறு என்று யோசிக்கவே நமக்குத் தோன்றுவதில்லை. இங்கே இரண்டையும் பிரித்து, வேளை பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விதை மண்ணுக்குள் இருக்கிறவரை சூடு போதும், வெளிச்சம் வேண்டாம். தலை நீட்டிய அன்றிலிருந்து வெளிச்சம்தான் முதல் தேவை, சூடு 18, 20 டிகிரி இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

சூடான இடம் வீட்டிலேயே இருந்தது. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க, ஓவனை மூட்டாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் போட்டு வைப்போம் இல்லையா? அங்கே தெர்மாமீட்டர் வைத்தால் 28 காட்டியது. மாவு பொங்குகிற சூடும் மிளகாய் முளைக்கிற சூடும் ஒன்றேதான்! ஈர டிஷ்யூவில் இருபது விதையைப் பரப்பி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன். ஆறாம் நாள் வெள்ளை முனை தெரிந்தது. பத்தாம் நாளுக்குள் பதின்மூன்று முளைத்துவிட்டன. ஓவனில் எல்இடி பல்பு என்றால் இவ்வளவு சூடு வராது, கவனம்.

வேர் அரை அங்குலம் நீளும் முன்பே சின்னக் கிண்ணங்களுக்கு மாற்றி, மேலே ஒரு சாண் உயரத்தில் எல்இடி விளக்கு, நாளுக்கு 14 மணி நேரம். தண்ணீர் மேலே ஊற்றுவதே இல்லை. தட்டில் ஊற்றி, மண் கீழிருந்து உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். சில நாற்று விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டே மேலே வரும், உள்ளே இருக்கிற இரண்டு இலையும் விரியாது. இழுத்தால் தலையே கையோடு வந்துவிடும். ஒரு சொட்டு வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் வைத்து அரை மணி நேரம் கழித்து நகத்தால் லேசாகத் தள்ளினால் கழன்றுவிடும்.

விதை எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். இங்கே இந்தியக் கடையில் வாங்கிய குண்டு மிளகாய் வற்றல் பொட்டலத்திலிருந்து எடுத்தவைதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு. வெயிலில் காய்ந்த வற்றல் என்றால் முளைக்கும், மிஷினில் அதிகச் சூட்டில் உலர்த்தியது என்றால் முளைக்காது. அதனால் முதலில் பத்து விதை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கார்பரோ, கனடா

தம்பி, ஓவன் கதை வாசித்தவுடன் எழுத வேண்டும் போல் இருந்தது. நானும் அப்படித்தான் வைக்கிறனான். ஆனால் ஒருமுறை மகள் உள்ளே பார்க்காமல் பீட்சாவுக்கு 200 டிகிரியில் ஓவனைச் சூடாக்கிவிட்டாள். விதையும் போய், டப்பாவும் உருகி, வீடு முழுக்கப் புகை. அன்றிலிருந்து உள்ளே விதை இருந்தால் திருகியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுவேன். எல்லாரும் தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

நான் பச்சை மிளகாயிலிருந்துதான் விதை எடுப்பது. கடையில் வாங்கியதும் பச்சையாகவே வெட்டி எடுத்தால் முளைக்காது, விதை முற்றியிருக்காது. சிவக்கத் தொடங்கின நாலைந்தைத் தெரிந்து, குசினியில் ஒரு கிழமை வெளியில் வைத்தால் வடிவாகப் பழுத்துவிடும். அதில்தான் எடுப்பது. ஹைப்ரிட் என்கிற ஒட்டு விதையில் வந்த காய் என்றால் கண்டு, அதாவது நாற்று, தாயைப் போல் வராமலும் போகலாம், ஆனால் உறைப்புக்கு எங்கள் வீட்டில் இதுவரை குறை வந்ததில்லை.

எங்கள் ஊரில் பிரச்சினை முளைப்பு இல்லை, மே மாதம். கோடை வந்தால் 30 டிகிரி தாண்டும், மிளகாய் பொலிந்து காய்க்கும், ஆனால் அந்தக் கோடை கட்டை. அதனால் அவசரப்படுவோம். ஒரு வருடம் மே முதல் கிழமை வெயில் கொளுத்தியது. மே பிற்பகுதியில் வருகிற விக்டோரியா தின விடுமுறை முடியாமல் வெளியில் நடக்கூடாது என்று இங்கே எல்லாரும் சொல்லுவார்கள், எனக்கும் தெரியும். தெரிந்தும் இருபத்திரண்டு கண்டையும் பின்வளவில் நட்டேன். நாலாம் நாள் இரவு உறைபனி. காலையில் போய்ப் பார்க்க, இலையெல்லாம் அவித்த கீரை மாதிரி, பச்சை கறுத்துத் தொங்குது. பிப்ரவரியிலிருந்து பிள்ளை மாதிரிப் பார்த்த கண்டுகள். நான் அதில் நின்று அழுதேன். இப்போது விக்டோரியா தினம் போய், பத்து நாள் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயுமாகப் பழக்கித்தான் நிலத்தில் வைப்பேன். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில். நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துப் போகும்.

ஒன்று சொல்லட்டுமா, வருடா வருடம் விதை போடவும் தேவையில்லை. மிளகாய் பல வருடம் நிற்கிற செடி. இங்கே குளிர்தான் அதைக் கொல்கிறது. என்னிடம் சாடியில் ஐந்து வயதில் ஒன்று நிற்கிறது. அக்டோபரில் பனி விழமுன்னம் ஒரு சாண் விட்டு வெட்டி, வேரைக் கழுவி, புது மண்ணில் வைத்து நிலவறை யன்னலடியில் விட்டுவிடுவேன். குச்சி மாதிரி நிற்கும். கோடையில் விதைக் கண்டுகள் பூக்க முன்னமே அது காய்த்துவிடும். அந்தக் காயில்தான் மோர் மிளகாய் போடுவது.

ஒஸ்லோ, நார்வே

இங்கே பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரைக்கு அடியில் சூடு ஓடும். எங்கள் நாற்றுமேடை அதுதான். மூலையில் ஒரு தட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி, பத்து நாள். குளிக்கப் போகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

வெளிச்சம் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஜனவரியில் விளக்கு இல்லாமல் இங்கே எதுவும் வளராது. ஜூனில் நேர்மாறு, இரவு பத்தரைக்கும் வெளியில் வெளிச்சம். செடி காடு மாதிரி வளர்ந்து, மொட்டும் நிறைய விட்டது. ஆனால் பூ விரிந்து இரண்டாம் நாள் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உரம் குறைவோ என்று உரம் போட்டேன், இன்னும் இலைதான் வந்தது. காரணம் இரவுக் குளிர். இரவில் 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூ நிற்பதில்லை. இப்போது பூக்கும் காலத்தில் இரவானால் சாடிகளை உள்ளே எடுத்துவிடுகிறேன். உள்ளே காற்றும் தேனீயும் இல்லை என்பதால் காலையில் பூக்காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். மகரந்தம் மூக்கில் பொடி மாதிரி படும். பூ தானே தனக்குச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு வேண்டியது அந்த அசைவு மட்டும்.

உதகமண்டலம்

எல்லாரும் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறீர்கள், தமிழ்நாட்டிலேயே குளிரில் மிளகாய் போடுகிற ஆள் நான் ஒருத்தி. எங்கள் கதை உங்களுக்குத் தலைகீழ். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், வெயில் அடித்தால் தோலை உரிக்கும், வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. சூடுதான் இல்லை. மண் எப்போதும் ஜில்லென்று இருக்கும். ஜனவரியில் விடிகாலையில் புல்மேல் உறைபனி படியும்.

கோயம்புத்தூரில் என் தங்கை மாடியில் போடும் அதே விதைதான். அவளுக்கு எட்டு நாள், எனக்கு இருபத்தைந்து நாள். இரண்டு தடவை கெட்டுப்போன பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் முடிந்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைத்தேன். பதினோராம் நாள் முளை. போடும் மாதத்தையும் மார்ச்சுக்கு மாற்றிக்கொண்டேன். பனி முடிந்து, ஜூன் மாதச் சாரல் தொடங்கும் முன் செடி கால் ஊன்றிவிட வேண்டும். சாரல் மாதங்களில் நாள் கணக்கில் மேகம் மூடி, இலை காயவே காயாது. அப்போது கூரை போட்ட இடத்தில் இருந்தால்தான் தப்பும். இங்கே குடைமிளகாய் போடுகிறவர்கள் பசுமைக்குடில் கட்டுவது சும்மா இல்லை. எனக்கு அவ்வளவு வசதி கிடையாது. நாலு மூங்கில், ஒரு பாலிதீன் தாள், அவ்வளவுதான். அதற்குள்ளேயே ராத்திரி நாலைந்து டிகிரி கூடுதலாக இருக்கிறது.

ஊட்டிக் காய் சிவக்க ரொம்ப நாள் எடுக்கும். பச்சையிலேயே பறித்தால் செடி அடுத்த பூவைச் சீக்கிரம் பிடிக்கிறது, அதனால் விதைக்கு நாலு காயை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பறித்துவிடுவேன்.

சூரிச், சுவிட்சர்லாந்து

அண்ணா, முதல் தடவை வளர்க்கிறேன். செடி ஒரு முழம் இருக்கிறது, வீட்டுக்குள்தான். நுனி இலை சுருண்டு, கீழ் இலையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது. தண்ணீர் அதிகமோ?

லீட்ஸ், இங்கிலாந்து

தங்கச்சி, தண்ணீர் இல்லை, அசுவினிப் பூச்சியாக இருக்கும். சுருண்ட இலையைத் திருப்பிப் பாருங்கள், பச்சையாகக் கடுகைவிடச் சின்னதாகக் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருக்கும். அதன் கழிவுதான் அந்தப் பிசுபிசுப்பு. வெளியில் என்றால் பொறிவண்டு வந்து தின்றுவிடும், வீட்டுக்குள் அதற்கு எதிரியே கிடையாது. தொட்டி மண்ணை ஒரு பையால் கட்டி மூடி, செடியைத் தலைகீழாகப் பிடித்து, குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரில் இலைக்கு அடியில் நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு தடவையில் போகாது. நாலு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது செய்ய வேண்டும்.

ஒஸ்லோ நண்பர் உரம் போட்டு இலை மட்டும் வந்தது என்றாரே, எனக்கும் நடந்தது. பூ எடுக்கிற வரைக்கும் சாதாரண உரம் போதும். பூ வந்த பிறகு தக்காளிக்கு என்று விற்கிற, சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்தை வாரம் ஒருமுறை கொடுத்தால் காய் நிற்கிறது.

ஸ்கார்பரோ அக்கா, உங்கள் சிவப்பு நாடா இன்று காலையிலேயே எங்கள் ஓவனில் ஏறிவிட்டது. போன அக்டோபரில் நானும் ஒரு செடியை வெட்டி உள்ளே வைத்தேன். இன்னும் குச்சியாகத்தான் நிற்கிறது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறது. இப்போதே விளக்குக்கு அடியில் மாற்றலாமா, பொறுக்க வேண்டுமா?

ஸ்கார்பரோ, கனடா

பச்சை தெரிந்தால் உயிர் இருக்குது தம்பி. கணுவில் துளிர் கண்ட பிறகு மாற்றுங்கோ. அதுவரைக்கும் மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் அரைக் கோப்பை தண்ணீர். இந்த நேரத்தில் குளிரைவிடக் கூடின தண்ணீரில்தான் வேர் அழுகிச் சாகும்.